காலையில் ஜபம், மத்தியானம் க்ரைம் நாவல்

தந்திரம் என்று தமிழில் சொன்னால் பலருக்கு முதலில் நரிதான் ஞாபகத்துக்கு வரும், அப்புறம் மண்டையோடு, எலுமிச்சம்பழம், ஊசி குத்திய பொம்மை. திருமூலர் தம் நூலையே ஒன்பது தந்திரங்களாகத்தான் வகுத்திருக்கிறார், அங்கே தந்திரம் என்றால் நூல், நெறி, ஆகமம் என்று பொருள் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் கேட்டவர் முகம் மாறிவிடும். இதற்கு மேல் நான் க்ரைம் நாவலும் எழுதுகிறவள் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2004 முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு நடக்கிறது. அம்பாளை மந்திரத்தாலும் யந்திரத்தாலும் வழிபடும் ஸ்ரீவித்யா உபாசனையின் ஆரம்பப் பாடங்கள், லலிதா சகஸ்ரநாமம், அபிராமி அந்தாதி, திருமந்திரத்தில் யோகத்தைச் சொல்லும் மூன்றாம் தந்திரமும் மந்திரம், சக்கரங்களைச் சொல்லும் நான்காம் தந்திரமும். 1989 முதல் ஒரு புனைபெயரில் மாத நாவல் எழுதுகிறேன், அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்புக்கு வரும் இரண்டு இளம்பெண்கள் கதையும் எழுதுகிறார்கள். போன மாதம் அவர்கள், "அம்மா, ரெண்டையும் எப்படி வெச்சுக்கிறீங்க? ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்காதா?" என்று கேட்டார்கள். கெடுத்திருக்கிறது. ஒரு தடவை மோசமாகவே கெடுத்தது. அதையும் சேர்த்து எழுதினால்தான் பிரயோஜனம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டும் ஒரே வீட்டில்தான் கிடைத்தன. திருவிடைமருதூரில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, ஐம்பது வருஷம் உபாசனை செய்தவர். பூஜை அறையில் தேக்குப் பெட்டிக்குள் அம்பாளின் யந்திரமான ஸ்ரீசக்கரம் இருக்கும். அந்த அறைச் சுவர் அலமாரியில் வாரப் பத்திரிகைகளிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு பண்ணிய தொடர்கதைகள் இருக்கும், அதில் பாதி துப்பறியும் கதைகள். சாப்பாடு முடிந்து மூன்று மணி வரை அத்தையிடம் யாரும் பேசக் கூடாது, கதை படிப்பார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டு அப்புறம் மேலே படிப்பார். அவர் போன பிறகு அந்த வால்யூம்களை எடுத்துப் பார்த்தேன், பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன.

1986-இல் எனக்கு 22 வயது. அவரிடம் முதல் படியான பாலா மந்திரம் வாங்கிக்கொண்ட கொஞ்ச நாளிலேயே அவசரப்பட்டு அடுத்ததையும், பதினைந்து எழுத்து மந்திரத்தையும், சொல்லிக் கொடுங்கள் என்று நச்சரித்தேன். அத்தை சொன்னதை இன்று வரை வைத்துக்கொண்டிருக்கிறேன். "இப்ப சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன்னும் இப்ப சொல்ல மாட்டேன். ஆனா அப்படி ஒண்ணு இல்லேன்னு உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

நான் இந்த இரண்டு வேலையிலும் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கிறது. சைவத்தில் ஐந்தொழில் சொல்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் எல்லோருக்கும் தெரியும். நான்காவது மறைத்தல், ஐந்தாவது அருளல். கடவுளின் வேலைப் பட்டியலில் மறைத்தலுக்கு ஓர் இடம் இருப்பது எனக்குச் சின்ன வயதில் பெரிய ஆச்சரியம். உயிர் பக்குவப்படும் வரை மறைத்து வைப்பதும் அருளின் ஒரு பக்கம்தான் என்று சித்தாந்தம் சொல்கிறது. க்ரைம் நாவல் எழுதுகிறவர் இருநூறு பக்கம் செய்வதும் மறைத்தல்தான், கடைசிப் பத்துப் பக்கத்தில் காட்டப்போவதற்காக. மறைப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் எழுத்து கெடும், குரு ஸ்தானமும் கெடும். நான் இரண்டு பக்கத்திலும் தாண்டியிருக்கிறேன்.

முதலில் புனைபெயர். ஆண் பெயரில் எழுதினால்தான் க்ரைம் விற்கும் என்று அன்றைக்குப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் சொன்னார், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் 1904 முதல் 1922 வரை நீதிபதியாக இருந்த சர் ஜான் உட்ராஃபைப் பற்றிப் பின்னால்தான் படித்தேன். மகாநிர்வாண தந்திரத்தை 1913-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில். அந்தப் பெயருக்குப் பின்னால் அடல் பிஹாரி கோஷ் என்ற நண்பரின் சமஸ்கிருத உழைப்பும் நிறைய இருந்தது. பகலில் வழக்கு விசாரித்துத் தீர்ப்பு எழுதுகிறவர் தந்திரத்துக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டார். நான் குற்றத்துக்கு வைத்துக்கொண்டேன். உலகத்திலேயே முதல் கைரேகைப் பதிவகம் 1897-இல் ஆரம்பித்ததும் அதே கல்கத்தாவில்தான். காளிகாட்டுக்குப் போயிருந்தபோது கோவில் வாசலில் நின்று இதை நினைத்துக்கொண்டேன், நான் ஒன்றும் விசித்திரப் பிறவி இல்லை என்று ஒரு தைரியம் வந்தது.

ஆனால் புனைபெயரால் ஒரு தப்பு நடந்தது. 1994-இல் ஒரு நாவல் எழுதினேன். வில்லன் ஒரு மாந்திரீகன், ஸ்ரீசக்கரத்தின் நடுவில் நரபலி கொடுக்கிறான். ஸ்ரீசக்கரத்தில் நரபலி என்று எந்த நூலிலும் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே எழுதினேன். அட்டைப்படம் பயங்கரமாக வரும், விற்கும் என்றார்கள், விற்றது. பதினைந்து வருஷம் கழித்து வகுப்பில் ஒரு பெண்மணி, "இந்த ஸ்ரீசக்கரத்தைப் பார்த்தாலே பயமா இருக்கும்மா. கல்யாணத்துக்கு முன்னால ஒரு மாத நாவல் படிச்சேன், அதுலேர்ந்து" என்று கதையைச் சொன்னார். பெயர் ஞாபகமில்லை என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அங்கேயே, எல்லோர் முன்னாலும், அதை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அந்தப் பெண்மணி வந்தார், இன்னும் வருகிறார்.

அன்று முதல் ஒரு விதி. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே என் புனைபெயரையும் நாவல்களையும் சொல்லிவிடுவேன். பிடிக்காதவர்கள் அன்றைக்கே போய்விடலாம். இன்னொரு விதி, பயம் விற்கிறது என்பதற்காகத் தெய்வத்தையோ ஒரு வழிபாட்டையோ பொய்யாக எழுதுவதில்லை. மாந்திரீகன் வேஷத்தில் ஏமாற்றுகிறவன் என் கதையில் வருவான். அவன் ஏமாற்றும் முறை நிஜமாக இருக்கும், அவனுக்குச் சக்தி மட்டும் இருக்காது.

சரி, எழுதும் விதத்துக்கு உபாசனையிலிருந்து என்ன கிடைத்தது என்று கேட்டால், நிறைய.

ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கி நான்கும் கீழ்நோக்கி ஐந்துமாக ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சின்ன முக்கோணங்கள் ஆகின்றன. சுற்றி இதழ்கள், வெளியே சதுரம், நடுவில் பிந்து. ஒன்பது ஆவரணம், அதாவது ஒன்பது சுற்று. பூஜையில் வெளிச் சதுரத்திலிருந்து நடுப்புள்ளிக்குப் போவது சம்ஹார கிரமம், நடுவிலிருந்து வெளியே வருவது சிருஷ்டி கிரமம். துப்பறிகிறவனும் வாசகரும் வெளியிலிருந்து உள்ளே போகிறார்கள். எழுதுகிறவர் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். ஆரம்பத்தில் நானும் வாசகரைப் போலவே வெளியிலிருந்து எழுதிக்கொண்டு போவேன், பிணம் கிடைத்தது, போலீஸ் வந்தது, யார் கொன்றார்கள் என்று எனக்கே தெரியாது, கடைசியில் யாராவது ஒருவர் தலையில் கட்டுவேன். அப்படி எழுதிய ஏழெட்டு நாவல்களை இப்போது படிக்கவே முடியவில்லை. இப்போது ஒரு வெற்றுத் தாளின் நடுவில் கொலை நடந்த அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் எழுதுவேன், யார், எங்கே, கையில் என்ன, அந்த நிமிஷத்துக்கு முன்னால் என்ன பேச்சு. அதைச் சுற்றி ஒரு வட்டம், அந்த ஐந்து நிமிஷம் யாருடைய வாழ்க்கையை நேராகத் தொட்டது. அதற்கு வெளியே இன்னொன்று, யாருக்குப் பாதி தெரியும். இன்னும் வெளியே, தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள். நாவல் கடைசி வட்டத்தில் ஆரம்பிக்கும். இதற்கு யந்திரத்தை வரையவே மாட்டேன், சாதாரண வட்டம்தான். யந்திரம் பூஜைக்கு, அதைக் கதைக்கான வரைபடமாக்கக் கூடாது.

துப்பு வைப்பதற்குத் திருமந்திரமே பாடம். மரத்தில் செய்த யானையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. யானையாகப் பார்க்கிற கண்ணுக்கு மரம் தெரியாது, மரமாகப் பார்க்கிற கண்ணுக்கு யானை தெரியாது. எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. பரம்பொருளைப் பற்றிச் சொன்னதை நான் கதைக்கு எடுத்துக்கொண்டேன், திருமூலர் மன்னிக்கட்டும். கொலையாளியைக் காட்டிக் கொடுக்கும் விஷயத்தை மூன்றாவது பக்கத்திலேயே வைத்துவிடுவேன், வேறு ஒரு வேலை செய்கிற மாதிரி. ஒரு நாவலில் வீட்டுக்காரம்மா வாசலில் காய்ந்த மாவுக் கோலம் போட்டுவிட்டுப் போகிறாள் என்று எழுதியிருந்தேன். எல்லோரும் அதை விடியற்காலை வர்ணனையாகப் படித்தார்கள். முந்தின ராத்திரி விடிய விடிய மழை என்று அவள் சொல்வது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஈரத்தரையில் காய்ந்த மாவுக் கோலம் எப்படி வரும்? மழை விட்டதாக அவள் சொன்ன நேரம் பொய். இதில் நான் வாசகரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் "நான்" என்று கதை சொல்கிற பாத்திரம் தானே கொலைகாரன் என்பதைப் பொய் சொல்லி மறைப்பது, கடைசி அத்தியாயத்தில் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து இறக்குவது, இதெல்லாம் ஏமாற்று. அத்தை பென்சிலால் பெயர் எழுத முடியாத கதை நேர்மையான கதை இல்லை.

பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பத்தாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினோராம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் காஷ்மீரில் வாழ்ந்த அபிநவகுப்தர், தந்திராலோகம் என்று 37 அத்தியாயத்தில் தந்திர சாஸ்திரம் எழுதினார். அதே மனிதர்தான் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதி ரசம், அதாவது கலையில் கிடைக்கும் சுவை, என்றால் என்ன என்று இந்தியாவுக்கே விளக்கியவர். குருவும் இலக்கியக்காரரும் ஒரே உடம்பில் இருக்க முடியுமா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன். பயானக ரசத்துக்கு, அதாவது பயச்சுவைக்கு, அவர் எடுக்கும் உதாரணம் காளிதாசரின் சாகுந்தலத்தின் ஆரம்பத்தில் வரும் மான். ராஜாவின் தேர் துரத்துகிறது, மான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது, பாதி மென்ற புல் வாயிலிருந்து வழியெல்லாம் சிந்துகிறது. அதைப் பார்க்கும்போது நமக்கு வரும் பயம் மானுடையதா, நம்முடையதா? இரண்டும் இல்லை, இன்னாருடையது என்று சொல்ல முடியாத, இடமும் காலமும் கழன்றுபோன பயம் என்கிறார். அதனால்தான் அதை ருசிக்க முடிகிறது.

இதைப் படித்த பிறகு என் கொலைக் காட்சிகளில் ரத்தம் குறைந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் வாசகர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது அருவருப்பு, வேறு ரசம். வாயிலிருந்து சிந்தும் புல்லைத் தேட வேண்டும். ஓடுகிறவள் செருப்பில் ஒன்று கழன்றதைக் கவனிக்காமல் நொண்டிக்கொண்டே ஓடுவது, கதவைத் தாழ் போடுகிறவனுக்குத் தினமும் போடும் தாழ் இன்றைக்கு மட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போவது. புதிதாக எழுதுகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், பயப்படுகிறவரின் உடம்பில் ஒரு சின்ன இடத்தைப் பிடியுங்கள், "பயந்தாள்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

உடம்பு என்றதும் நியாசம். ஜபத்துக்கு முன்னால் விரல், உள்ளங்கை, இதயம், தலை, கண் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு மந்திரத்தை வைப்போம். அந்தக் கவனம் கைக்குப் பழகிவிட்டால் எழுத்திலும் வரும். ஒரு பாத்திரத்தை எழுதுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவனுடைய விரல் நுனி எப்படி இருக்கும், முட்டி வலிக்குமா, எந்தக் காது சரியாகக் கேட்காது என்று வரிசையாகப் போவேன். மந்திரம் கிடையாது, வெறும் கவனம். கொலைகாரனுக்கும் இப்படிப் போய்விட்டு வந்தால் அவனை அரக்கனாக எழுத முடியாது.

எங்கள் வீட்டு முற்றத்தில் செவ்வரளி இருக்கிறது. அம்பாளுக்கு உகந்த பூ, வெள்ளிக்கிழமை கூடை நிறையப் பறிப்போம். இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம், இதயத்தைப் பிடிக்கிற விஷம். ஒரு நாவலில் அரளி வந்தது, எவ்வளவு, எப்படி என்று விவரமாக எழுதி முடித்தும் விட்டேன். அச்சுக்குப் போகும் முன் அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அரளி விதையை அரைத்துக் குடித்துச் செத்துப்போனவர்களை நம் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். விஷம் என்று எழுதினாலே கதைக்குப் போதும், அளவும் செய்முறையும் எந்த வாசகருக்கும் தேவையில்லை.

இனி அந்த மோசமான விஷயம்.

2011-இல் ஒரு மாணவி, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அவளுடைய அப்பா இறந்ததைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் ஊருக்குச் சொன்னது ஒன்று, நடந்தது வேறு. பன்னிரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள், ஏனென்றால் நான் அவளுக்கு மந்திரம் கொடுத்தவள். அடுத்த வருஷம் ஒரு நாவல் அவசரமாகக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். ஊரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன், மகளை மகனாக்கினேன். இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அப்பா போன பிறகும் அவள் அம்மா தினமும் ராத்திரி அவருடைய பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். அது அவ்வளவு நன்றாக இருந்தது, விட மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தோடு வந்தாள். என் எதிரில் தரையில் வைத்தாள். அழவில்லை. "அந்தக் கடிகாரத்தையாவது விட்டிருக்கலாமேம்மா" என்றாள். நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போய்விட்டாள், அப்புறம் வரவேயில்லை. இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவது எழுதுவது என் மன நிம்மதிக்காகத்தான் என்று தோன்றியதால் எழுதவில்லை.

அந்த நாவலை மறுபடி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் போய்க் கேட்டேன். மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்திருந்தேன், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்கப்புறம் இரண்டு பதிப்பு வந்தது. அதனால் கதை எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், எந்த வடிவத்துக்கு, மறுபதிப்புக்கு உங்களைக் கேட்பார்களா என்ற மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய நாள் யாருக்கும் வரலாம்.

அதிலிருந்து, வகுப்பில் காதில் விழுந்ததை டைரியில்கூட எழுதுவதில்லை. நாவல் முடிந்ததும் ஒரு தடவை முழுக்கப் படித்து, ரொம்ப அழகாக அமைந்த இடங்களில் நின்று, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்வேன். வகுப்பிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தாலே அடித்துவிடுவேன். இப்படி நல்ல பக்கங்கள் போயிருக்கின்றன, போகட்டும். மந்திரத்தை வெளியே சொல்லாதே என்று மாணவியிடம் வாக்கு வாங்குகிற எனக்கு, அவள் சொன்னதை வெளியே சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

நேரம், பணம் இரண்டையும் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலை நாலரையிலிருந்து ஏழு வரை அனுஷ்டானம். எழுத்து மத்தியானம் இரண்டிலிருந்து நாலரை வரை மட்டும், விளக்கு ஏற்றிய பிறகு ஒரு வரி எழுத மாட்டேன். 1997-இல் மூன்று ராத்திரி தொடர்ந்து எழுதிவிட்டுக் காலையில் மாலையை எடுத்தால் மந்திரம் வரவேண்டிய இடத்தில் கதையில் செத்துப்போனவளின் பெயர் வந்தது. பயந்துபோய் அத்தையிடம் ஓடினேன். "எழுதறதை நிறுத்தச் சொல்லுவேன்னு வந்தியா? நேரத்தை மாத்து, சாப்பிட்டுட்டு எழுது" என்றார், அவ்வளவுதான். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. தீட்சைக்கு வெற்றிலை பாக்கு, பழம், ஒரு ரூபாய் நாணயம். வீட்டுக்காரரின் பென்ஷனும் நாவல் பணமும் எங்களுக்குப் போதும். சீடனின் பணத்தை எடுக்கும் குருக்கள் ஏராளம், சீடனின் தாபத்தை எடுக்கும் குரு அபூர்வம் என்று குலார்ணவ தந்திரம் சொல்கிறது. பணம் வாங்காததால் ஒருவரிடம் "உங்களுக்கு இது இப்போது வேண்டாம்" என்று தயங்காமல் சொல்ல முடிகிறது.

அப்படி அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வசியம் கேட்டு வருகிறார்கள், செய்வினை எடுக்க வருகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் ஏமாற்றுக்காரர்களைக் கதையில் எழுதி எழுதி அவர்கள் வேலை செய்யும் வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் யாருக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்வார்கள், உங்கள் வளர்ச்சி பிடிக்காத ஒருவர் உறவிலேயே இருக்கிறார் என்பது போல. அப்புறம் பயத்தை வைப்பார்கள். அப்புறம் அமாவாசைக்குள் என்று கெடு. அப்புறம் வீட்டில் யாரிடமும் சொல்லாதே. பணம் சின்னதாக ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் கூடும், ஏனென்றால் கொடுத்ததை விட மனசு வராது. மந்திரத்தை ரகசியமாக வைத்துக்கொள் என்று ஒரு குரு சொல்லலாம். கொடுத்த பணத்தை, தொட்ட தொடுகையை, வந்து போன நேரத்தை ரகசியமாக வைத்துக்கொள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், நேராக வீட்டில் சொல்லுங்கள், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குப் போன, மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள், அந்த வருஷமே மகாராஷ்டிரத்தில் மாந்திரீக மோசடிக்கு எதிரான சட்டம் வந்தது. தந்திர வகுப்பு நடத்துகிற நான் அந்தச் சட்டத்தை மனதார வரவேற்கிறவள். உபாசனைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

தூக்கமே வரவில்லை, காதில் குரல் கேட்கிறது என்று வருகிறவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவேன், போக வழி தெரியாதவர்களுக்கு 14416 என்ற இலவச உதவி எண்ணை எழுதிக் கொடுப்பேன். அந்த நிலையில் ஜபமோ பிராணாயாமமோ ஆரம்பிப்பது ஆபத்து. சரியான பிறகு வாருங்கள் என்பேன், சிலர் வந்திருக்கிறார்கள்.

வகுப்பில் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் இருக்கிறார். ஐந்து வருஷமாக வருகிறார், அபிராமி அந்தாதி நூறும் மனப்பாடம். நான் எழுதியதை முதலில் படிப்பவர் அவர்தான். "அம்மா, 302 போட்டிருக்கீங்க. 2024 ஜூலைக்கு அப்புறம் நடக்கிற கதைன்னா புதுச் சட்டப்படி கொலைக்கு 103. சந்தேக மரணத்துக்கு 174-ம் இல்லை, 194" என்று ஓரத்தில் எழுதி வைப்பார். ராத்திரியில் போஸ்ட்மார்ட்டம் வைத்திருந்தேன். வசதி இருந்தால் பொழுது சாய்ந்தும் செய்யலாம் என்று 2021-இல் அனுமதி வந்தது, ஆனால் கொலை கேஸுக்கு அது பொதுவாகப் பொருந்தாது, காலைக்கு மாற்றுங்கள் என்றார்.

இப்போது எழுதுகிற நாவலில், அந்தக் காலையில், பிணவறை வாசலில் செத்துப்போனவனின் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளை மார்பில் அடித்துக்கொண்டு கதறவிட்டிருந்தேன், ஒரு முழுப் பக்கம். போன ஞாயிறு வகுப்பு முடிந்து செருப்பைப் போட்டுக்கொண்டே பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். "இது வேணாம்மா" என்றார்.

"ஏன் ஐயா, அழ மாட்டாங்களா?"

"வீட்டுக்குப் போய் அழுவாங்க. அங்க அழ மாட்டாங்க. ஆதார் கார்டு எடுத்துக்கிட்டு வாங்கன்னு நாங்க சொல்லியிருப்போம். அதைக் கைக்குட்டையில சுத்தி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, யாரு வெளிய வந்தாலும் எந்திரிச்சு எந்திரிச்சு அதை நீட்டுவாங்க. வாங்கிக்கிறதுக்கு ஆள் இருக்காது."

அந்தப் பக்கத்தை மத்தியானமே அடித்துவிட்டேன். கைக்குட்டையும் கார்டும் இருக்கட்டுமா என்று அவரைக் கேட்டேன், அவருடையது இல்லையா. எழுதுங்கம்மா, அது யாரோ ஒருத்தரோடது இல்லை, எல்லாரும் அப்படித்தான் நீட்டுவாங்க என்றார்.